ஒட்டகம் போல எழுந்த கார்

அத்தியாயம் 6

"சத்தியமாச் சொல்றேன் சார். கார் ஒட்டகம் மாதிரி எந்திரிச்சிச்சு" என்றார் சேதுபதி.

அவர் அந்த லேபர் கேம்ப்பின் மெஸ் சமையல்காரர். கையில் இருந்த கரண்டியாலேயே காற்றில் ஒட்டகத்தை வரைந்து காட்டினார்.

"தரையோட தரையாப் படுத்துக் கெடந்துச்சு. ஸ்டார்ட் பண்ணுனதும் முதல்ல பின்பக்கம் தூக்குச்சு. அப்புறம் முன்பக்கம். எந்திரிச்சு நின்னு ஒரு ஆட்டம் ஆடிட்டுக் கெளம்பிருச்சு."

"முதுகுல யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டான் சாகிர்.

"பாய், நீங்களுமா? போலீஸும் இப்படித்தான் சிரிச்சாங்க. என்னைய ஊதச் சொன்னாங்க."

சிவசங்கரன் சிரிக்கவில்லை. ஷார்ஜாவை ஒட்டிய அல் குசைஸில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயர் அவர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, அதை ஓட்டியவன் சொல்வது உண்மையா பொய்யா என்று எழுதிக் கொடுப்பது வேலை. இந்த ஊரில் துப்பறிவாளர் என்று போர்டு மாட்ட முடியாது. ஆனால் சிக்கலில் மாட்டிக்கொண்ட தமிழர்கள் எப்படியோ அவர் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சாகிர் காயல்பட்டினத்துக்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேல்ஸ்மேன். மதியம் கடை அடைத்து நாலு மணிக்கு மறுபடி திறக்கும் வரை, சிவசங்கரனுக்கு அவன்தான் டிரைவர், துணை, வாய்.

இந்த முறை சிக்கலில் இருந்தது அருள்முருகன்.

சேதுபதி அந்தக் காரைப் பார்த்த போன வெள்ளிக்கிழமை விடிந்த நேரத்தில், இதே கேம்ப் முற்றத்தில், அவனும் ஒரே ரூமில் தங்கியிருந்த வேலுச்சாமியும் சண்டை போட்டிருக்கிறார்கள். வேலுச்சாமி அவன் தங்கை ராதாவின் புருஷன். சத்தம் கேட்டு ஆட்கள் எழுந்து வந்தபோது வேலுச்சாமி இல்லை. அருள்முருகன் முழங்காலிட்டுத் தரையில் ஒரு சிவப்புக் கறையை ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த துணியையும் மெஸ்ஸுக்குப் பின்னால் கொளுத்திவிட்டான். இன்று செவ்வாய். வேலுச்சாமி இன்னும் வரவில்லை. அருள்முருகன் லாக்கப்பில் இருக்கிறான், வாயே திறக்க மாட்டேன் என்கிறான்.

ஊரில், அறந்தாங்கிப் பக்கம், ராதா பக்கத்து வீட்டு போனிலிருந்து சிவசங்கரனுக்கு தினமும் மிஸ்டு கால் கொடுக்கிறாள். அவர் காலிங் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிட்டால் ஒரே கேள்விதான். "எங்கண்ணன் செஞ்சானா இல்லையா சார்? அத மட்டும் சொல்லுங்க."

"அந்தக் கார்ல வேலுச்சாமி ஏறுனதைப் பாத்தீங்களா?" என்று சேதுபதியிடம் கேட்டார் சிவசங்கரன்.

"மெஸ் ஜன்னல்லேருந்து பாத்தது சார். கார் தெரிஞ்சிச்சு. ஆள் தெரியல. ஒட்டகத்தையே பொய்யின்னுட்டாங்க, இன்னொரு பொய்யும் சொல்லச் சொல்றீங்களா?"

"வேண்டாம்" என்றார் சிவசங்கரன். "கறை எங்க இருந்துச்சு?"

சேதுபதி கரண்டியை நீட்டினார். கேம்ப் பஸ் நிற்பதற்காக சிமெண்டில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் ஓரத்தில் சிவசங்கரன் மண்டியிட்டுக் குனிந்தார்.

"தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு அண்ணே" என்றான் சாகிர்.

"இங்க வா. இதைப் பாரு."

கோட்டின் மற்ற இடமெல்லாம் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. கறை இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் சுருங்கி, வெந்த தோல் போல உரிந்து, உள்ளே சிமெண்ட் தெரிந்தது. சிவசங்கரன் நகத்தால் சுரண்டினார். சுருள் சுருளாக வந்தது.

"சாகிர், ரத்தம் பெயிண்டைத் தின்னுமா?"

"எங்க கடை முதலாளி தின்னுவாரு. ரத்தத்தைப் பத்தித் தெரியாது."

"ஃபினாயில்?"

சேதுபதி முந்திக்கொண்டார். "அதெப்படி சார்? மெஸ்ஸுல நான் தினம் ஃபினாயில் போட்டுத்தான் கழுவுறேன். அங்கயும் இதே மஞ்சப் பெயிண்டுதான். ஒரு பொட்டு உதுரல."

"அப்ப இங்க கொட்டுனது ரத்தமில்ல." சிவசங்கரன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் வந்தது. தவறாகப் பார்க்கிறோமோ? ஒரு சுருங்கின பெயிண்டை வைத்து ஓர் ஆளைக் காப்பாற்றிவிட முடியுமா? மறுபடி குனிந்து பார்த்தார். உரிந்தது உரிந்ததுதான். "பிரேக் ஆயில் ஜாதி. அதுதான் பெயிண்டைத் தின்னும். செவப்பா இருக்கிற பிரேக் ஆயில்."

"அப்படி ஒண்ணு எங்க கடையில இல்லியே."

"எந்தக் கடையிலயும் இருக்காது. வண்டிய எடு. வேலுச்சாமி வேலை செஞ்ச கராஜுக்குப் போவோம்."

---

சாகிரின் பிக்கப்பில் ஏசி பேருக்குத்தான் ஓடியது. சிவசங்கரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பேசினார்.

"நிறுத்தினா படுக்கும், ஸ்டார்ட் பண்ணினா பின்பக்கம் முதல்ல எழும்பும். உலகத்துல ஒரு கம்பெனிக்காரன்தான் அப்படிப் பண்ணினான். பிரான்ஸ்காரன். சிட்ரோயன்."

"அந்த ரெண்டு வி-யைக் கவுத்துப் போட்ட கம்பெனியா? நான் அதை போலீஸ்காரன் தோள்பட்டைக் கோடுன்னுல்ல நெனச்சேன்."

"அது கியர் பல்லு. அந்த முதலாளி கார் செய்யறதுக்கு முன்னாடி கியர் செஞ்சு வித்தவர். முப்பத்தி நாலிலேயே முன் சக்கரம் இழுக்கிற வண்டி விட்டாங்க. அப்புறம் குடியானவனுக்குன்னு ஒரு தகர டப்பா. உழுத வயல்ல முட்டைக் கூடையோட போனா ஒரு முட்டை உடையக் கூடாதுன்னு சொல்லிச் செஞ்சது."

"நம்ம பிக்கப்புல கோழியே உடைஞ்சிரும்."

"அம்பத்தி அஞ்சுல டி.எஸ்.னு ஒரு வண்டி. ஸ்பிரிங்கே கிடையாது. கேஸும் எண்ணெயும்தான் வண்டியைத் தாங்கும். இஞ்சின் நின்னா எண்ணெய் அழுத்தம் மெள்ள இறங்கும், வண்டி படுத்துடும். பாரிஸ்ல காட்டின அன்னிக்கே ஆயிரக்கணக்கில ஆர்டர். அதுக்கப்புறம் சி.எக்ஸ்., எக்ஸ்.எம்., எல்லாம் அதே வம்சம். இப்ப வர்ற சி-ஃபைவ் நிறுத்தினா படுக்காது. அந்த ஒட்டகம் பழைய ஒட்டகம்."

"அது கராஜுல இருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேலுச்சாமி சம்பளத்துல சைக்கிள் வாங்கலாம். அவன் இருந்தது பழைய கார் ரிப்பேர் பண்ற கராஜ். வேற எங்கேருந்து வரும்?"

"போலீஸ் அங்க போயிப் பாத்தாச்சு அண்ணே. ஒரே ஒரு கார்தான் உள்ள. துணி போத்தி பத்திரமா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"துணியைத் தூக்கினாங்களா?"

சாகிர் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

---

கராஜ் முதலாளி கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார். காரின் சொந்தக்காரரும் அப்படித்தான். சாவி வேலுச்சாமியிடம். பேட்டரி சாகாமல் இருக்க காரை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பது மட்டும்தான் அவனுக்கு வேலை. இதைப் பக்கத்து வெல்டிங் கடைக்காரரான பட்டாணியர் இந்தியில் சொல்லிவிட்டு, "தரோகா தேக் கே கயா பாய்" என்று சேர்த்துக்கொண்டார். போலீஸ் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது என்று அர்த்தம்.

பக்கவாட்டு ஜன்னலின் கம்பி வழியே சிவசங்கரன் உள்ளே பார்த்தார். அரை இருட்டு. நடுவில் சாம்பல் நிறத் துணி போர்த்திய உருவம். மூக்கு, முதுகு, வால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, கண்ணு பட்டுடப் போவுது."

"உயரமா இருக்கு" என்றார் சிவசங்கரன்.

"காருன்னா உயரமாத்தானே இருக்கும்?"

"நாலு நாளா ஸ்டார்ட் பண்ணாத வண்டி வயிறு தரையில பட்டுக் கிடக்கணும். அதான் இந்த வண்டியோட குணம். இது ஜம்முனு நிக்குது. அப்ப உள்ள இருக்கிறது கார் இல்ல."

ஷட்டர் பூட்டு தொங்கியதே தவிர அழுத்தி மூடவில்லை. அவசரமாகப் போனவன் வேலை. சாகிர் ஷட்டரைத் தூக்கினான், துணியை உருவினான். காலி டீசல் டிரம்கள், குறுக்கே பலகை, மூக்குக்கு ஒரு பழைய டயர்.

"மாஷா அல்லாஹ்" என்றான் சாகிர். "எல்லாமே லோக்கல் பார்ட்ஸ். பிரெஞ்சுக்காரன் பாத்தா வேலை கத்துக்குவான்."

சுவரில் போட்டோவில் வேலுச்சாமி இருந்தான். ஒன்றல்ல, வரிசையாக. பென்ஸில் சாய்ந்து, ஜாகுவார் கதவைப் பிடித்து, பெயர் தெரியாத ஒரு சிவப்புக் காரின் மேல் கையூன்றி. எல்லாவற்றிலும் அதே கறுப்புக் கண்ணாடி, அதே அரைச் சிரிப்பு. ரிப்பேருக்கு வந்த வண்டிகள். இங்கே இருக்கிறவர்கள் அநேகம் பேர் அப்படி ஒரு படமாவது ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பின்னணியில் மட்டும் எண்ணெய்ச் சுவரும் டயர் குவியலும் இருந்தன.

சிவசங்கரன் அதைத் தொட்டுக் காட்டினார். "பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பா? எப்பப் பாத்தாலும் அழுக்குச் செவுத்துக்கு முன்னாடியே நிக்கிறீங்களேன்னு. வெள்ளிக்கிழமை லீவு. நல்ல எடத்துல ஒரு போட்டோ எடுக்கக் காரை எடுத்திருக்கான். மச்சானையும் கூட்டிட்டுப் போகலாம்னு கேம்ப்புக்கு ஓட்டிட்டு வந்திருக்கான். அருள்முருகன் வேற மாதிரி ஆளு. அடுத்தவன் வண்டியைத் திருப்பி விடுன்னு சத்தம் போட்டிருக்கான். அதான் சண்டை."

"இதைச் சொன்னா அவன் வெளிய வந்திருப்பானே அண்ணே."

"சொன்னா தங்கச்சி புருஷன் கார் திருடன். வேலையும் போச்சு, விசாவும் போச்சு. சாயங்காலம் வந்துடுவான்னு நெனச்சு எண்ணெய்க் கறையைத் துடைச்சிருக்கான், வண்டி வந்த அடையாளமே இருக்கக் கூடாதுன்னு. சனிக்கிழமையும் வரல. இன்னிக்கும் வரல. இன்னும் வாயை மூடிக்கிட்டிருக்கான்."

சொல்லச் சொல்ல சிவசங்கரனுக்குக் குரல் உயர்ந்தது. இத்தனை ஒழுங்காக ஒன்றோடு ஒன்று சேர்ந்த கேஸ் அவருக்கு வாய்த்ததில்லை. ஷெல்ஃபில் ஒரு பழைய தகர டின் இருந்தது. கவிழ்த்தார். அடியிலிருந்து ஒரு சொட்டு சிவப்பு விரலில் விழுந்தது.

"பாத்தியா! அறுபத்தி ஆறு வரைக்கும் இந்தச் செவப்பு எண்ணெய்தான் ஊத்தினாங்க. பெயிண்டைத் தின்னும், தண்ணியை இழுக்கும், குழாயெல்லாம் துருப்பிடிக்கும். அப்புறம் பச்சைக்கு மாத்தினாங்க. மாத்தினப்ப எண்ணெயை மட்டும் மாத்தல, உள்ள இருக்கிற ரப்பரையெல்லாம் மாத்தினாங்க. செவப்பு வண்டிக்குச் செவப்புதான். பச்சை வண்டிக்குப் பச்சைதான். அதனால அது அறுபத்தி ஆறுக்கு முந்தின வண்டி. இந்த நாட்டிலயே ஒண்ணோ ரெண்டோ இருக்கும். தேடறது சுலபம். டின் காலி. கேம்ப்புல வேற ஒழுகியிருக்கு. வழியில எங்கயாவது எண்ணெய் வாங்கியிருப்பான். எங்கே வாங்கினான்னு தெரிஞ்சா, எங்கே போனான்னு..."

அப்போதுதான் கவனித்தார். கொஞ்ச நேரமாக எதிரிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

சாகிர் டிரம் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே. செவப்பு வண்டியில பச்சைய ஊத்துனா என்ன ஆகும்?"

"ரப்பர் ஊதிப்போகும். எல்லாம் கசியும், அடைக்கும். வண்டி படுத்துடும், ஸ்டியரிங் கல்லாயிடும்."

"அவ்வளவுதானே?"

சிவசங்கரன் காலி டின்னைக் கீழே வைத்தார். "பிரேக்கும் அதே எண்ணெய்தான்."

சாகிர் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"வெள்ளிக்கிழமை காலையில இந்த ஏரியாவுல தொறந்திருக்கிறது எங்க கடை ஒண்ணுதான். ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி அடைச்சிருவோம். ஒருத்தன் வந்தான். புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. சிட்ரோயன் எண்ணெய் குடு பாய்னான். சிட்ரோயன்னா பச்சைதாண்ணே. நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து பச்சைதான் வித்திருக்கேன். குடுத்தேன்."

"வண்டியைப் பாக்கலியா?"

"வெளிய நிறுத்தியிருந்தான். வெயிலு. ஏசியை விட்டு எந்திரிச்சுப் போகச் சோம்பல்." குரல் உடையவில்லை, தட்டையாக இருந்தது. "கொர்ஃபக்கான் எப்படிப் போறதுன்னு கேட்டான். கடலை வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்னான். தைத் வழியா மஸாஃபி மலை ஏறி எறங்குன்னு நான்தான் சொன்னேன். எனக்கும் ஒரு பிரிண்ட் கொண்டுவான்னு வேற சொன்னேன். சுவத்துல பாக்குறப்பவே முகம் தெரிஞ்சிச்சு. அவனா இருக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

இறக்கம் என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை.

"மலைக்கு முன்னாடியே வண்டி நின்னுபோயிருக்கலாம்" என்றார் சிவசங்கரன். "வண்டி கெட்டுப்போச்சு, முதலாளிக்கு பயந்து எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம்."

"இருக்கலாம்" என்றபடி சாகிர் சாவியை எடுத்தான்.

---

அன்று நாலு மணிக்கு அவன் கடை திறக்கவில்லை.

தைத் ஊரைத் தாண்டியதும் மணல் முடிந்து கல் தொடங்கியது. வழியில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் சிவசங்கரன் இறங்கிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மஸாஃபியில் பழம் விற்கும் ஒருவன் மட்டும், "ஆமா, ஒரு தவளை மூஞ்சிக் கார் மேல ஏறிப் போச்சு" என்று மலையாளத்தில் சொன்னான். நிற்காமல் போனதா என்று கேட்டதற்கு, நிற்காமல்தான் போனது என்றான்.

சாகிர் அதன் பிறகு மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தார்கள். மலை ஓரப் பள்ளங்களில் பழைய வண்டிகள் கிடப்பது இந்தப் பக்கம் சகஜம். ஓடி ஓய்ந்ததை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு நீள இறக்கத்தின் கடைசி வளைவில் சிவசங்கரன் கையைத் தூக்கினார்.

ஓரத்துக் கற்கள் சரிந்திருந்தன. தார் ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் அவர் எழுதிய வரிதான், ஓட்டியவர் பிரேக் போடவில்லை என்று. அந்த வரி எத்தனை தடவை பொய்யாக இருந்திருக்கும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

கீழே, வாதி என்று இங்கே சொல்லும் காய்ந்த ஓடையின் பாறைகளுக்கு நடுவில், நீள மூக்கு வைத்த ஒரு கார் வயிறு தரையில் பட்டுக் கிடந்தது. தூசி படிந்து, பல வருஷமாக அங்கேயே இருப்பது போல. ரோட்டில் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சட்டைக் கை தெரிந்தது. பெட்டியிலிருந்து பிரித்த மடிப்பு இன்னும் கலையாத புதுச் சட்டை.

சாகிர் சரிவில் இறங்கத் தொடங்கினான். செருப்பு வழுக்கிக் கழன்றது. எடுக்கவில்லை.

சிவசங்கரனின் போன் ஒரு முறை அடித்து நின்றது. ராதாவின் பக்கத்து வீட்டு நம்பர்.

போலீஸுக்குச் சொல்லிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தார். இருட்டிய பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தார். பிறகு கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"சார்! ராதா பேசுறேன். ஏதாச்சும் தெரிஞ்சிச்சா சார்?"

"தெரிஞ்சுதும்மா. உங்கண்ணன் ஒண்ணும் செய்யல. சாட்சி இருக்கு. அவர வெளிய கொண்டாந்துடலாம்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவள் யாரிடமோ கத்துவது கேட்டது. அண்ணன் செய்யலயாம், நான் அப்பவே சொன்னேன்ல, அண்ணன் செய்யலயாம். யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது.

"அப்ப அவரு நல்லாருக்காரு. அண்ணன் செய்யலன்னா அவரு நல்லாத்தானே சார் இருக்கணும்? எங்க போயி ஒளிஞ்சிருந்தாராம்? பக்கத்துல இருந்தாக் குடுங்க சார், நாலு கேள்வி கேக்குறேன்."

கீழே சாகிர் காரை அடைந்துவிட்டான். இரண்டு கையையும் அதன் கூரைமேல் வைத்துத் தலையைக் கவிழ்த்து நின்றான். வெயிலில் அந்தத் தகரம் கொதித்திருக்கும். கையை எடுக்கவில்லை.

சிவசங்கரன் காரைப் பார்க்காமல் திரும்பி நின்றார்.

"அம்மா, வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடும்மா."

"சும்மா இருங்க" என்று அவள் பின்னால் இருந்தவர்களை அதட்டுவது கேட்டது. போனை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.